நீலாவதி அக்காவின் மூன்று டாக்டர்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறால் தின்று எனக்கு உடம்பெல்லாம் தடித்துப் போனதிலிருந்து வந்தது. போன மாதம் கல்கத்தாவில் எங்கள் கிடர்பூர் மார்க்கெட்டில் நல்ல இறால் வந்திருந்தது. அறுபதைத் தாண்டியவள் அளவோடு தின்றிருக்க வேண்டும், தின்னவில்லை. டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். அரிப்பு நின்றது. கூடவே சில சொற்களும் வராமல் நின்றுவிட்டன.

மாவு சலிக்க உட்கார்ந்தேன். மாவு சலிக்கிற அந்தப் பொருளை எடுத்துத் தரும்படி என் கணவர் கலியனிடம் கேட்க வேண்டும். பெயர் வரவில்லை. வங்காளிப் பெயர் வந்தது, தமிழ்ப் பெயர் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. "அந்தச் சாலுனியை எடுங்க" என்றேன். அவர் எடுத்துக் கொடுத்துவிட்டு, "தமிழ்ல கதை எழுதுற பொம்பளை" என்றார். மாத்திரையை நிறுத்திய பிறகு ஒரு நாள் குளிக்கும்போது, சல்லடை என்ற சொல் தானாக வந்து நின்றது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான் அக்காவின் நினைவு வந்தது.

ஒரே ஒரு மாத்திரைக்கு எனக்கு இந்தக் கதி. மூன்று டாக்டர்களின் மருந்தை வருஷக்கணக்காகத் தின்ற என் அக்கா நீலாவதி எதையெல்லாம் தொலைத்திருப்பாள்? பத்து வருஷமாக நான் எழுதாமல் வைத்திருந்த கதை இது. எழுதத் தெரியாமல் வைத்திருந்தேன் என்று சொல்வது இன்னும் சரி. இன்றும் தெரியவில்லை, ஆனாலும் தொடங்குகிறேன்.

2

முதல் தொடக்கம்:

டாக்குரியா ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், இறந்துபோன கணவனின் குடையை மடியில் வைத்துக்கொண்டு, சியால்தாவிலிருந்து வரும் லோக்கலுக்காக நீலாவதி

[இங்கே நிறுத்திவிட்டேன். நடந்தது உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே அவளை இப்படி உட்கார வைத்தால் நீங்கள் உச்சுக் கொட்டத் தொடங்கிவிடுவீர்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. யாராவது அவளைப் பார்த்து உச்சுக் கொட்டினால், பல்லிக்குப் பதில் சொல்வதுபோலத் தானும் கொட்டுவாள்.]

இரண்டாம் தொடக்கம்:

வயதாக ஆக உடம்பு மருந்தை வெளியேற்றும் வேகம் குறைகிறது. வாலிப வயதில் காலையில் தெளிந்துவிடும் தூக்க மாத்திரை, முதுமையில் மறுநாள் மாலை வரைக்கும் ரத்தத்தில்

[வாரப் பத்திரிகையின் மருத்துவப் பக்கம் மாதிரி இருக்கிறது. விஷயம் சரி. பின்னால் ஒரு டாக்டர் வருவார், அவர் வாயால் வரட்டும்.]

மூன்றாம் தொடக்கம்:

எழுபத்தெட்டாம் வருஷம் துர்கா பூஜைக்கு முன் கல்கத்தாவில் வெள்ளம் வந்து வடிந்தது. டாக்குரியாவில் அக்கா வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறை நின்றது. பூஜை முடிந்ததும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு அக்காவை மெட்ராஸுக்கு அழைத்துப் போய்விடுவது என்று அவள் மகன் செல்வராஜ் முடிவு செய்திருந்தான்.

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

அக்காவுக்கு அப்போது அறுபத்தைந்து வயது இருக்கும். அவள் கணவர் அர்ஜுனன் அத்தான் ரயில்வேயில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதே சந்தில், அதே கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தார்கள். காலையில் அத்தான் லோக்கல் பிடித்து சியால்தா ஆபீசுக்குப் போவார், மாலையில் லோக்கலில் திரும்புவார். ரயில் சத்தம் கேட்டதும் அக்கா டீக்குத் தண்ணீர் வைப்பாள். அவர் செருப்பைக் கழற்றும்போது தண்ணீர் கொதிக்கும்.

என் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் நான் அவர்களோடு இருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த காலம் வேறு இல்லை. மாலையில் ஏரிக்கரையில் நடப்போம். குளிர் வந்தால் பக்கத்து வீட்டுப் பெண்களோடு வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவோம். ஈச்சம்பால் வெல்லம் வந்துவிட்டதா என்று கடைக்காரனை நச்சரிப்போம். வாசலுக்கு மீன்காரன் வருவான், அக்கா அவனோடு வங்காளியில் சண்டை போடுவாள். அவள் சண்டை தொடங்கினால் தெருக்காரர்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். என் முதல் கதை அச்சானபோது முழுக்கப் படித்துவிட்டு, "உன் கதையில யாருமே சாப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டவள் அவள்.

எழுபத்தைந்தில் அத்தான் மாரடைப்பில் போனார். அதன் பிறகு அக்கா கொஞ்சம் கொஞ்சமாக மங்கினாள். சாம்பாரில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பேச்சின் நடுவில் நின்று, "நான் என்னடி சொல்லிட்டிருந்தேன்?" என்று கேட்டாள். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று எந்நேரமும் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருக்கும். எழுத்து கலங்குகிறது என்று பத்திரிகை படிப்பதை விட்டாள். பகலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

ஒரு நாள் நான் போயிருந்தபோது சாப்பிட மூன்று தட்டு வைத்தாள். இருந்தது நாங்கள் இரண்டு பேர்.

"யாருக்கு அக்கா?"

"அவருக்குத்தான். ரயில் லேட்டு போல."

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அந்தத் தட்டை எடுத்து வைக்கவில்லை. எதிரே அது காலியாக இருக்க, சாப்பிட்டு முடித்தோம்.

பிறகுதான் அந்த ஸ்டேஷன் சம்பவம் நடந்தது. குடையோடு உட்கார்ந்திருந்தவளைத் தெருப் பையன்கள் அடையாளம் கண்டு வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். மெட்ராஸில் பேங்கில் இருந்த செல்வராஜுக்கு டிரங்க் கால் போட்டோம். பூஜைக்கு வந்தவன் வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டான்.

அக்கா போக மாட்டேன் என்றாள். "அங்க சண்டை போடக்கூட எனக்கு ஆள் தெரியாது" என்றாள். அன்று காலையில் சொன்னாள், மாலையிலும் சொன்னாள். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று தட்டு வைக்கிறவள் சொல்வதை யார் முடிவு என்று எடுத்துக்கொள்வார்கள்? வீடு போகிறது என்பதைவிட, அவள் சொல்லுக்கு இனி மதிப்பே கிடையாது என்று ஆகிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

(ஓர் ஓரக்குறிப்பு: முதல் பிரதியில் செல்வராஜ் வில்லனாக வந்துவிட்டான். ஒரு மெல்லிய மீசைகூட வைத்துவிட்டேன். அடித்துவிட்டேன். அவன் பயந்துபோயிருந்தான், அவ்வளவுதான். அம்மா மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அணைக்க மறந்ததை அவனே பார்த்திருக்கிறான். அவனுக்கு மீசையும் கிடையாது.)

4

இப்போது டாக்டர்கள்.

முதலாமவர் கோஷ் பாபு, தெரு டாக்டர். அவருடைய டிஸ்பென்சரி சந்து முனையில். செல்வராஜ் குழந்தையாக இருந்தபோது வந்த அம்மையிலிருந்து அத்தானின் மாரடைப்பு வரை அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓடி வந்தவர். அக்காவை "பௌதி" என்றுதான் கூப்பிடுவார், அண்ணி என்று அர்த்தம். அக்காவின் வயிற்று உபத்திரவத்துக்கு அவர் ஒரு மிக்ஸ்சர் கொடுத்து வந்தார்.

அந்த மிக்ஸ்சர் பாட்டில்களை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பவுண்டர் கலந்து ஊற்றி, கார்க் அடைத்து, பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு தாளை ஒட்டித் தருவார். தாளின் ஓரம் படிப்படியாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் உள்ளது ஒரு வேளை. குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும். அந்த மண்வாசனையும் ஓமவாசனையும் கலந்த கசப்பு எனக்கு இப்போதும் நாக்கில் வருகிறது. [மண்வாசனையா? மருந்தில் ஏது மண்? ஆனால் வேறு சொல் தோன்றவில்லை. இருக்கட்டும்.]

இரண்டாமவர் லேக் மார்க்கெட் பக்கம் இருந்த வைத்தியநாதன். பெயரிலேயே வைத்தியத்தை வைத்துக்கொண்டு வேறு தொழிலுக்குப் போக முடியுமா என்று அவரே சிரிப்பார். அக்காவுக்குக் கையிலும் கழுத்திலும் அரிப்பு வந்தபோது, தமிழில் சொன்னால் நன்றாகச் சொல்லலாம் என்று அவரிடம் போனாள். அவர் அரிப்புக்கு மாத்திரை கொடுத்தார்.

மூன்றாமவர் பார்க் ஸ்ட்ரீட்டில் ஒரு பெரிய டாக்டர். அத்தான் இறந்த சமயத்தில் செல்வராஜ் அவரிடம் போய், அம்மா தூங்குவதற்கு மாத்திரை வாங்கி வந்தான். அந்தப் பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடைக்காரர் கேள்வி கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மூன்று பேரும் நல்ல டாக்டர்கள். மூன்று மருந்தும் அந்தந்த நோய்க்குச் சரியான மருந்து. ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாது, ஏனென்றால் அக்கா சொல்லவில்லை. சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தாள்.

எங்கள் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு டாக்டரிடம் போய் இன்னொரு டாக்டரின் பெயரை எடுக்கக் கூடாது. எடுத்தால், உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் வேறு இடம் போனேன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அதிலும் கோஷ் பாபு அத்தானுக்காக லுங்கியோடு ஓடி வந்தவர். அவரிடம் போய் லேக் மார்க்கெட் டாக்டரைப் பற்றிச் சொல்ல அக்காவுக்கு எப்படி வாய் வரும்? கோஷ் பாபுவின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் மாத்திரை டப்பாக்கள் அரிசி டின்னுக்குள் போய்விடும். வைத்தியநாதன் வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பாள். அந்த மரியாதையில்தான் அவள் மங்கிக்கொண்டிருந்தாள்.

5

விஜயா தசமி. அம்மன் சிலையை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த கையோடு தெருவில் எல்லாரும் எல்லார் வீட்டுக்கும் போவார்கள். பெரியவர்களின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, சரிசமமானவர்களைக் கட்டித் தழுவி, இனிப்பு சாப்பிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வார்கள். அக்கா வீட்டில் நாரு என்கிற தேங்காய் உருண்டையும் முறுக்கும் தயாராக இருந்தன. கிடர்பூரிலிருந்து நானும் கலியனும் போயிருந்தோம். வழக்கம்போலக் கரண்ட் போய்விட்டது, இரண்டு மெழுகுவத்தி ஏற்றி வைத்திருந்தோம்.

கோஷ் பாபு வந்தார். செல்வராஜ் அவர் காலைத் தொட்டான். அவர் அவனைக் கட்டிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது வாசலில் இன்னொருவர் நின்றார். வைத்தியநாதன். அக்கா ஊரைவிட்டுப் போகிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். நாற்பது வருஷம் கல்கத்தாவில் இருந்தவருக்கு விஜயாவுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று தெரியும், கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டி.

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தெருவில் இரண்டு சம்பந்திகள் எதிரெதிரே வந்துவிட்டதைப்போல இருந்தது அது. இருவருக்கும் அறிமுகம் செய்து வைத்தது செல்வராஜ்தான். "டாக்டர் கோஷ், எங்க ஃபேமிலி டாக்டர். இவர்…" என்று தயங்கினான்.

"நானும் டாக்டர்தான்" என்று வைத்தியநாதனே ஆங்கிலத்தில் சொன்னார்.

"உட்காருங்க, இனிப்பு எடுத்துட்டு வரேன்" என்று அக்கா உள்ளே போனாள்.

வெகுநேரம் ஆயிற்று. நான் எழுந்து போகலாமா என்று பார்த்தபோது பித்தளைத் தாம்பாளத்தோடு வந்தாள். நடுவில் இருந்த ஸ்டூலில் வைத்தாள். தாம்பாளத்தில் நாரு இல்லை, முறுக்கும் இல்லை. மிக்ஸ்சர் பாட்டில் இருந்தது. அரிப்பு மாத்திரை டப்பாவும் தூக்க மாத்திரை டப்பாவும் இருந்தன. பக்கத்தில் மூன்று ஸ்பூன், தம்ளர்களில் தண்ணீர்.

"எடுத்துக்குங்க" என்றாள் வைத்தியநாதனிடம். கோஷ் பாபுவைப் பார்த்து வங்காளியில், "கான், டாக்டர் பாபு, கான்" என்று சாப்பிடச் சொல்லி உபசாரம் செய்தாள்.

செல்வராஜ் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவனுக்கு அதைவிட வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. கலியன் மட்டும் மெழுகுவத்தியை ஸ்டூலுக்கு அருகே நகர்த்தி வைத்தார்.

கோஷ் பாபு மாத்திரை டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வைத்தியநாதன் மிக்ஸ்சர் பாட்டிலின் கார்க்கைத் திறந்து முகர்ந்தார்.

"இதுல பெல்லடோனா இருக்கா?" என்றார் வைத்தியநாதன், ஆங்கிலத்தில்.

"இருக்கு. கூட ஃபீனோபார்பும். வயிறு பிடிச்சு இழுக்குதுன்னாங்க." கோஷ் பாபு அடுத்த டப்பாவைத் திருப்பினார். "அரிப்புக்கு இதை நீங்களா எழுதினது?"

"ஆமாம். வேற ஒண்ணும் சாப்பிடலேன்னுதான் சொன்னா."

கோஷ் பாபு அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "பௌதி, என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். கோபம் கொஞ்சம்தான் இருந்தது, வருத்தம்தான் அதிகம். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்தத் தூக்க மாத்திரை எப்போலேருந்து?" என்று வைத்தியநாதன் கேட்டார்.

"அப்பா போன சமயத்துலேருந்து" என்றான் செல்வராஜ். "ஒரு வாரத்துக்குத்தான் கொடுத்தாரு."

"அப்புறம் யாரு நிறுத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லலை."

பிறகு இரண்டு டாக்டர்களும் நாற்காலிகளை நெருக்கிப் போட்டுக்கொண்டு பேசினார்கள். அரைகுறையாகத்தான் எனக்குப் புரிந்தது. வைத்தியநாதன் எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"மூணுமே மூளையை மந்தமாக்கற மருந்து. தனித்தனியா எடுத்துண்டாப் பெரிசாத் தெரியாது. மூணும் சேர்ந்தா தெரியும். இந்த வயசுல உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியே தள்ளாது, மேல மேல சேர்ந்துண்டே போகும். வாய் உலர்றதும் எழுத்து கலங்கறதும் இதனாலதான் இருக்கும்."

"அப்ப ஞாபக மறதி?" என்றான் செல்வராஜ்.

"அது மருந்தாலயா, வயசாலயா, ரெண்டும் சேர்ந்தான்னு இப்போ சொல்ல முடியாது. மருந்தை எடுத்துட்டுப் பார்த்தாத்தான் தெரியும். ஒரே நாள்ல நிறுத்தப்படாது, அது ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். குளிர் முடியறவரைக்கும் பொறுத்துக்கோ."

செல்வராஜ் டிசம்பர் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னான். வீட்டுக்காரருக்கும் அதுவரை தவணை கேட்டான். அதற்குள் அம்மா தேறினால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் கேள்வி கேட்காமல் அவனோடு வர வேண்டும். அக்கா தலையாட்டினாள். பிறகு போய் நாருவை எடுத்து வந்து வைத்தாள்.

6

இந்தத் தாம்பாள விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

மேலே எழுதியதுபோல, கலங்கிய தலையோடு அவள் இனிப்புக்குப் பதில் மருந்தை எடுத்து வந்தாள் என்பது ஒரு வகை. கதைக்கு அது பொருந்துகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அரிசி டின்னுக்குள் கிடந்த டப்பாக்களைத் தேடி எடுத்து, ஒன்றுவிடாமல் அடுக்கி, ஸ்பூனும் தண்ணீரும் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். இரண்டு டாக்டர்களும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் வாய்திறந்து சொல்லாமல் இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிட இதைவிட மரியாதையான வழி உண்டா?

பின்னால் ஒரு தடவை அவளிடமே கேட்டேன். "வந்தவங்களுக்கு எதையாச்சும் வைக்கணும்ல" என்றாள். அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டாவதில் அக்கா ரொம்பவும் கெட்டிக்காரியாகிவிடுகிறாள், எனக்கு அந்த அக்காவைப் பிடிக்கிறது என்பதாலேயே அதை நம்பப் பயமாக இருக்கிறது.

7

அந்தக் குளிர்காலம்.

கோஷ் பாபு வாரத்துக்கு ஒரு முறை தானே கத்தரிக்கோலோடு உட்கார்ந்து மிக்ஸ்சர் பாட்டிலுக்குத் தாள் வெட்டினார். ஒவ்வொரு தடவையும் வெட்டுகளை நெருக்கமாக வெட்டினார், வேளைக்கு மருந்து குறைந்துகொண்டே வந்தது. அரிப்பு மாத்திரைக்குப் பதில் வைத்தியநாதன் தடவிக்கொள்ள ஒரு களிம்பு கொடுத்தார். தூக்க மாத்திரையைப் பாதியாக்கினார்கள், பிறகு கால் ஆக்கினார்கள். அந்த நாட்களில் அக்கா தூங்காமல் கிடந்து எரிந்து விழுந்தாள், கை நடுங்கியது. நான் டாக்குரியாவிலேயே தங்கிவிட்டேன். கலியன் கிடர்பூரில் தனக்குத் தெரிந்த ஒரே சமையலான உருளைக்கிழங்கைத் தினமும் சாப்பிட்டார். அந்தத் தெருவுக்கு நான் கல்யாணத்துக்கு முன்போலத் திரும்பி வந்தது அந்த ஒரு தடவைதான். வெயிலில் ஸ்வெட்டர் பின்னும் பெண்களுக்குத் தலை நரைத்திருந்தது, ஆனால் அதே இடத்தில்தான் உட்கார்ந்தார்கள். எனக்கும் ஒரு பாயை விரித்தார்கள்.

அவள் தெளிந்தது ஒரே நாளில் அல்ல. [இங்கே ஒரு நல்ல வாக்கியம் வர வேண்டும். "பனி விலகியதுபோல" என்று எழுதி அடித்துவிட்டேன். டிசம்பரில் டாக்குரியாவில் பனி அவ்வளவு சீக்கிரம் விலகாது.] முதலில் தண்ணீர்ச் சொம்பு அடுப்படிக்குத் திரும்பியது. பிறகு என் கையிலிருந்த பத்திரிகையைப் பிடுங்கிப் படித்தாள். ஒரு நாள் மீன்காரனின் தராசில் விரலை வைத்து, "இந்தப் பக்கம் ஏன் சாயுது?" என்று கேட்டாள். ஜன்னல்கள் திறந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"ஏண்டி, இன்னும் கதை எழுதுறியா?"

"எழுதுறேன்."

"யாராச்சும் சாப்பிடுறாங்களா?"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடித்தும் விட்டேன், இரண்டாம் பிரதியில். செல்வராஜ் வருகிறான், அம்மாவைப் பார்க்கிறான், மகிழ்கிறான், வீடு தங்குகிறது. படித்துவிட்டுக் கலியன் நன்றாக இருக்கிறது என்றார். அவர் அப்படிச் சொன்னாலே நான் ஏதோ விட்டுவிட்டேன் என்று அர்த்தம்.

8

நான் விட்டது இது.

டிசம்பர் கடைசி. செல்வராஜ் வருவதற்கு முந்தின நாள் காலை. வாசற்படி வெயிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். லோக்கல் ஒன்று ஸ்டேஷனுக்குள் வரும் சத்தம் கேட்டது. அக்காவின் கை நின்றது.

"சாவித்திரி, அவரைத் தூக்கிட்டுப் போனப்ப நான் எங்கடி இருந்தேன்?"

"உள்ளே படுத்திருந்தே. எழுப்பிக் கூட்டிட்டு வந்து காட்டினோம்."

"நான் அழுதேனா?"

நான் பட்டாணியை உரித்துக்கொண்டே இருந்தேன். அவள் அழவில்லை. மாத்திரை கொடுத்திருந்தார்கள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினோம், யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். நல்ல தைரியசாலி என்று வந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு அது நினைவே இல்லடி" என்றாள். "எரிச்சது நினைவில்லை, காரியம் நினைவில்லை. அவரு ஆபீஸ் போயிருக்காருன்னுதான் இருந்துச்சு. வந்துடுவாருன்னு இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது, வர மாட்டாருன்னு."

பட்டாணிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துக்கு முன் அழ வேண்டியதை அன்று அழுதாள். அத்தான் இறந்தது எங்களுக்கெல்லாம் பழைய செய்தி, அவளுக்கு அன்று காலையில் வந்த செய்தி. அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். மருந்து விட்டுப்போகும்போது அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது. அதுவரை அவளோடு வைத்திருந்த அத்தானை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அந்த மூன்றாவது தட்டை இனி அவள் வைக்க மாட்டாள் என்று அப்போது தோன்றியது, அதற்காகவும் அழுதேன்.

9

மறுநாள் செல்வராஜ் வந்தான். ஹௌராவில் இறங்கி நேரே டாக்ஸியில் வந்தவன், கண் வீங்கி, தலை கலைந்து, தேம்பிக்கொண்டிருக்கும் அம்மாவைப் பார்த்தான். அவன் என்ன நினைப்பான்?

"என்ன சித்தி இது? தேறிட்டாங்கன்னு எழுதினீங்களே" என்றான். பதிலுக்குக் காத்திராமல் சந்து முனைக்கு ஓடி கோஷ் பாபுவை அழைத்து வந்தான். வரும் வழியெல்லாம் அவரைச் சித்தப்பா முறையில் கூப்பிட்டு அவன் கேட்டுக்கொண்டு வந்தது வாசலில் எனக்குக் கேட்டது. "காக்கு, ஏதாவது ஒரு மாத்திரை கொடுங்க. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். அம்மாவை இப்படிப் பார்க்க முடியலை."

கோஷ் பாபு வந்து அக்காவின் எதிரே உட்கார்ந்தார். பையைத் திறந்தார். கை உள்ளே போயிற்று. அவர் பழகிய கை அது. யார் அழுதாலும் உள்ளே போய் எதையாவது எடுத்துக் கொடுத்த கை.

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன, மூன்றையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கோஷ் பாபு மாத்திரையைக் கொடுக்கிறார், அக்கா ஒரு வாரத்துக்கு மட்டும் என்று வாங்கிக்கொள்கிறாள். ஒன்றில் அவள் டாக்குரியாவிலேயே இருக்கிறாள். இன்னொன்றில் மெட்ராஸுக்குப் போகிறாள், தெளிந்த தலையோடு அங்கே உட்கார்ந்து இந்தச் சந்தின் ஒவ்வொரு வீட்டையும் நினைவு வைத்திருக்கிறாள். உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். எழுத உட்காரும்போதெல்லாம் பேனா நிற்கிறது. அவளுக்கு இது நல்லது, அது நல்லது என்று ஆளுக்கொன்று எழுதிக் கொடுத்தவர்கள் முன்பே மூன்று பேர். நான்காவது சீட்டை நான் எழுத மாட்டேன்.

ஆகவே அவள் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா கோஷ் பாபுவின் கையைப் பார்த்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பையை மூடுங்க டாக்டர் பாபு" என்றாள் வங்காளியில். பிறகு மகனிடம் தமிழில் பேசினாள்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லடா. உங்கப்பா செத்துட்டாரு, அதுக்கு அழுறேன். உன்னோட வர்றதா, இங்கேயே இருக்குறதான்னு அழுது முடிச்சுட்டுச் சொல்றேன். நான்தான் சொல்லுவேன். அதுவரைக்கும் எல்லாரும் சும்மா உட்காருங்க."

கோஷ் பாபு பையை மூடி மடியில் வைத்துக்கொண்டார். செல்வராஜ் திரும்பிப் போகும் டிக்கெட்டுகள் சட்டைப் பையில் இருக்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் தோள் குலுங்கியது. நான் கதவோரம் பாயை விரித்து உட்கார்ந்தேன். அக்கா இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள், நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம். பாயில் இடம் இருக்கிறது, நீங்களும் உட்காருங்கள்.